ஒழுகுவது ஜன்னல்தானா என்று முதலில் பாருங்கள்

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். 2014 மாடல் ஃபியட் டுகாட்டோ, யாரோ ஏற்கெனவே கேம்பர் வேனாக (உள்ளேயே படுத்து, சமைத்துப் பயணம் போகிற வேன்) மாற்றி வைத்திருந்ததை இங்கிலாந்தில் வாங்கியிருக்கிறீர்கள். பின்னால் படுக்கையை ஒட்டி வலப்பக்கம் இருக்கும் இரட்டை அடுக்கு பிளாஸ்டிக் ஜன்னல், அதன் கீழ் மூலையில் மழைக்கு மறுநாள் ஈரம். மெத்தை ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழ ஆரம்பித்துவிட்டது. ஒரு பட்டறையில் ஜன்னலைச் சுற்றி வெளியே சிலிகான் இழுத்துக் கொடுத்தார்கள், ஒரு மாதம் சும்மா இருந்தது, இப்போது பழையபடி. ஜன்னலையே கழற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

கழற்ற வேண்டி வரலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம். தண்ணீர் எங்கே உள்ளே நுழைகிறது என்பதை உங்கள் கண்ணால் பார்க்கிற வரைக்கும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள். இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன், அதுவும் கொஞ்சம் செலவான அனுபவம். என்னுடையது ஃபோக்ஸ்வாகன் டி5. இடப்பக்கம் பின் ஜன்னலின் கீழே ஒழுகியது. அது ஒட்டுக் கண்ணாடி, நாமாக எடுக்க முடியாது, ஆள் கூப்பிட்டு கம்பி போட்டு அறுத்து எடுத்து மறுபடி ஒட்டியதற்கு 180 பவுண்டு கொடுத்தேன். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அடுத்த மழைக்கு அதே மூலையில் அதே ஈரம். குற்றவாளி ஜன்னலே இல்லை, கூரையோரத்தில் நிழல்துணி மாட்டுவதற்காக முந்தைய உரிமையாளர் வைத்திருந்த அலுமினியத் தண்டவாளத்தின் ஒரு ஸ்க்ரூ. ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் முன்னால், மேலே.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காது. உடைந்தது நாலு வரிசை தள்ளி மேலே இருக்கும், தண்ணீர் ரீப்பரைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்து, எங்கே சட்டம் குறுக்கிடுகிறதோ அங்கே சொட்டும். வேனும் அப்படித்தான். வெளியே தகடு, உள்ளே ப்ளைவுட், நடுவில் இன்சுலேஷன், தகட்டின் உள்பக்கம் நெடுக விறைப்புக்காக வைத்த குறுக்குச் சட்டங்கள். உள்ளே நுழைந்த தண்ணீர் அந்தச் சட்டத்தின் மேல் ஓடும், வயரைப் பிடித்துக்கொண்டு ஓடும், கடைசியில் உள்சுவரில் திறப்பு எங்கே இருக்கிறதோ அங்கே வெளிப்படும். பக்கச் சுவரில் இருக்கிற ஒரே பெரிய திறப்பு ஜன்னல்தான். அதனால் எந்த ஓட்டையில் நுழைந்த தண்ணீராக இருந்தாலும் பெரும்பாலும் ஜன்னல் மூலையில்தான் முகம் காட்டும், பழி ஜன்னல் மேல் விழும்.

அதற்கும் முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அது மழைத் தண்ணீர்தானா? சிரிக்காதீர்கள். இரண்டு பேர் மூடிய வேனில் ஒரு இரவு தூங்கினால் மூச்சுக்காற்றிலேயே அரை லிட்டர் அளவுக்கு ஈரம் வெளியேறும், அதோடு உள்ளேயே ரசம் கொதிக்க வைத்தால் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் குளிர்ந்த இடத்தில் போய்ப் படியும், ஜன்னல் சட்டமும் அதன் அடியில் இருக்கும் தகடும் அப்படிக் குளிர்ந்த இடங்கள்தான். வழிந்து கீழ் மூலையில் தேங்கும். மழை பெய்கிற நாளில் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டுப் படுப்பதால் மழைக்கும் ஈரத்துக்கும் சம்பந்தம் இருப்பது போலவே தெரியும். பிரித்துப் பார்ப்பது சுலபம். மூலையை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, யாரும் படுக்காமல், சமைக்காமல், இரண்டு மழை இரவுகள் வேனைச் சும்மா நிறுத்தி வையுங்கள். நனைந்தால் மழை. நனையாமல் இருந்து, நீங்கள் படுத்த மறுநாள் மட்டும் நனைந்தால் உங்களுக்கு வேண்டியது சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) இல்லை, காற்றோட்டம். இரண்டு அடுக்குப் பிளாஸ்டிக்குக்கு நடுவே மட்டும் பனி படிந்தால் அதுவும் ஒழுகல் ஆகாது. இந்த ஜன்னல்களில் ஓரத்தில் குட்டி குட்டி அடைப்பான் இருக்கும், வெயில் நாளில் அதைக் கழற்றி உலரவிட்டுத் திரும்பப் போட்டால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம், கேட்கவே கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். ஜன்னல் கொக்கியில் இரண்டு நிலை உண்டு, ஒன்று முழுதாகப் பூட்டுவது, இன்னொன்று காற்றுக்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பூட்டுவது. இரண்டாவது நிலையில் வைத்துவிட்டு மழையில் மோட்டார்வேயில் போனால் தண்ணீர் வரத்தான் செய்யும். நாலு கொக்கியும் ஒரே நிலையில் இருக்கிறதா பாருங்கள். அப்படியே திறந்து மூடும் ஜன்னல் கதவைத் திறந்து ரப்பரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் எழும்பி வர வேண்டும், அப்பளம் மாதிரி தட்டையாகவே கிடந்தால் அதன் காலம் முடிந்தது. ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் கதவுக்கும் நடுவில் வைத்துப் பூட்டி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை.

சரி, இப்போது தேடுகிற வேலை. இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒரு முழுப் பகல் வேண்டும். மழை இல்லாத நாளாகப் பாருங்கள். மெத்தையை எடுங்கள். ஜன்னலைச் சுற்றியிருக்கும் உள்சட்டத்தின் மேல் மூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், கீழே இருக்கும் ப்ளைவுட் பலகையும் ஸ்க்ரூவில்தான் நிற்கிறது என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். எவ்வளவு தகடு கண்ணுக்குத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. எல்லாவற்றையும் ஹேர் டிரையர் வைத்து உலர்த்திவிட்டு, சட்டத்தின் மேலும் தகட்டின் மேலும் டால்கம் பவுடரை மெல்லிசாக ஊதிவிடுங்கள். ஒரு சொட்டு ஓடினாலும் அதில் கோடு விழுந்து வந்த வழியைக் காட்டிக்கொடுக்கும். பவுடர் ஒட்டாத இடங்களில் சமையலறைப் பேப்பரைச் சுருட்டிச் செருகி வையுங்கள்.

பட்டறையில் வைத்த சிலிகானையும் சோதனைக்கு முன்னாலேயே பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டால் நல்லது. அது இருந்தால் சோதனையே குழம்பிவிடும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஹோஸ் குழாயின் முனையில் இருக்கும் துப்பாக்கியைக் கழற்றிவிடுங்கள். பீய்ச்சி அடித்தால் மழையில் ஒருபோதும் நுழையாத இடத்தில் எல்லாம் நுழைந்து பொய் சொல்லும். பிரஷர் வாஷர் பக்கமே போகாதீர்கள். தண்ணீர் சும்மா வழிகிற மாதிரி இருந்தால் போதும். கீழேயிருந்து ஆரம்பியுங்கள், இதுதான் முக்கியம். ஜன்னலின் கீழ் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஐந்து நிமிடம், பிறகு கீழ் விளிம்பு, பிறகு கீழ் மூலைகள், பக்கங்கள், மேல் மூலை, மேல் விளிம்பு, ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடமாவது. மேலேயிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டே இறங்கும், எது எந்த ஓட்டை என்று கடவுளுக்கே தெரியாது. உள்ளே இருப்பவர் டார்ச்சோடு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், போனைப் பார்க்கக் கூடாது. ஜன்னல் முழுவதும் முடிந்தும் உள்ளே காய்ந்தே இருந்தால் அப்போதுதான் கூரைக்குப் போக வேண்டும். கூரையிலும் ஓரத்திலிருந்து ஆரம்பித்து மேலே.

என் வேனில் அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகனை உள்ளே உட்கார வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் ஜன்னலையே குளிப்பாட்டினேன். ஒன்றுமில்லை. புதிதாக ஒட்டிய கண்ணாடி, எப்படி ஒழுகும்? வெறுத்துப்போய் ஹோஸைக் கூரையோரத் தண்டவாளத்தின் மேல் வைத்துவிட்டு டீ போடப் போனேன். டீயோடு திரும்பி வரும்போது உள்ளேயிருந்து குரல்: “அப்பா, வயர்ல வருது!” விளக்குக்குப் போகும் வயர் கூரைச் சட்டத்திலிருந்து இறங்கி ஜன்னலைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த வயரின் அடியில் ஒரு முத்து மாதிரி தண்ணீர் நகர்ந்து நகர்ந்து வந்து, வயர் வளைகிற இடத்தில் நின்று, கனத்து, சரியாக ஜன்னல் மூலைக்குப் பின்னால் விழுந்தது. ஹோஸை வைத்ததிலிருந்து ஏறக்குறைய பத்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் ஹோஸை எடுத்திருந்தால் தப்பியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், கூரைக்கு வரும்போது ஐந்து நிமிடம் போதாது, பதினைந்து கொடுங்கள்.

இரண்டு இடத்தில் சந்தேகம் இருந்து எது என்று தெரியாவிட்டால், ஒரு வாளித் தண்ணீரில் கேசரி பவுடர் ஒரு சிட்டிகை கலந்து ஒரு இடத்தில் மட்டும் ஊற்றிப் பாருங்கள். உள்ளே பேப்பரில் ஆரஞ்சு நிறம் வந்தால் பிடிபட்டது. முடிந்தவுடன் கழுவிவிடுங்கள், வெள்ளை வேனில் கறை நிற்கும்.

நிறுத்தும் கோணமும் கணக்கு. உங்கள் வீட்டு முன்னால் சரிவில் மூக்கு கீழே இருக்கிற மாதிரி நிறுத்துவீர்கள் என்றால் சோதனையையும் அதே கோணத்தில் செய்யுங்கள். சமதளத்தில் ஒழுகாத வேன் சரிவில் ஒழுகும். ஓடும்போது மட்டும் ஒழுகும் வேனும் உண்டு, காற்று அழுத்தி உள்ளே தள்ளும். அதற்கு வேறு வழி: கதவு, ஜன்னல் எல்லாம் மூடி, ஓட்டுநர் பக்கத்து ப்ளோயரை வெளிக்காற்று எடுக்கிற மாதிரி வைத்து முழு வேகத்தில் ஓடவிடுங்கள். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடும். வெளியே சந்தேகமான விளிம்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால், ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற அதே கதைதான். கூரைத் திறப்பு, ஃபிரிட்ஜ் துவாரம் மாதிரி காற்று போகிற வழிகளை டேப் போட்டு மூடிவிட்டுச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தமே நிற்காது.

கூரைப் பக்கம் என்றால் டுகாட்டோவில் எங்கெல்லாம் பார்க்கலாம்: பின்கதவுக்கு மேலே இருக்கும் பிரேக் விளக்கின் ரப்பர் (பெரும்பாலும் அங்கிருந்து வந்தால் பின்கதவுப் பக்கம்தான் தெரியும், ஆனால் பக்கச் சுவருக்கும் ஓடலாம்), சோலார் பேனல் வயர் இறங்கும் மூடி, கூரைத் திறப்பு, நிழல்துணியின் பிராக்கெட், கூரைத் தகடுகள் சேரும் பள்ளத்தில் போட்டிருக்கும் சீலண்டில் விரிசல். நகத்தால் நெருடிப் பாருங்கள், விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் நகத்துக்குத் தெரியும்.

இப்போது சிலிகான் பற்றி. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும், காரணம் இருக்கிறது. வெளி விளிம்பில் மட்டும் வைத்த சிலிகான் மேலேயிருந்து வரும் தண்ணீரைத் தடுக்காது, ஆனால் சட்டத்துக்குப் பின்னால் போன தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக வெளியே வடிவதை மட்டும் கச்சிதமாகத் தடுக்கும். முன்பு பாதி வெளியே போனது, இப்போது முழுதும் உள்ளே. ஒரு மாதம் சும்மா இருந்ததற்கு, மழை குறைவாக இருந்தது, அல்லது மேல் விளிம்பு தற்காலிகமாக அடைபட்டது என்று எதுவும் காரணமாக இருக்கலாம். வினிகர் வாடை அடிக்கும் வகை சிலிகானாக இருந்தால் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், வெறும் தகட்டில் பட்டால் துருவுக்கு விருந்து. எல்லாவற்றையும் விட மோசம், சிலிகான் பட்ட இடத்தில் வேறு எந்த சீலண்டும் ஒழுங்காகப் பிடிக்காது, ஏன், புதுச் சிலிகான்கூடப் பழைய சிலிகான் மேல் பிடிக்காது. பெயிண்டும் ஓடி ஒதுங்கும். ஆகவே எடுக்கும்போது ஒரு துளி மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும்.

சோதனையில் ஜன்னல்தான் என்று உறுதியானால், அதாவது கீழ் விளிம்பிலோ மேல் விளிம்பிலோ தண்ணீர் விட்டவுடன் பவுடரில் கோடு விழுந்தால், அப்போது கழற்றுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது சீட்ஸ் எஸ்4 என்கிற ஜன்னல் மாடல் மாதிரியான இறுக்கு வகை. வெளிச்சட்டம் ஒன்று, உள்சட்டம் ஒன்று, சுவரை நடுவில் வைத்து ஸ்க்ரூ போட்டு இரண்டையும் இறுக்குவது. நல்ல செய்தி, இதை நீங்களே செய்யலாம். இந்த வகை ஜன்னல் பொதுவாக 26 மில்லிமீட்டர் தடிமன் சுவரை எதிர்பார்க்கும். வேன் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதனால் மாற்றியவர் உள்ளே மரச்சட்டம் வைத்துத் தடிமன் கூட்டியிருப்பார். பல ஒழுகல்களுக்கு அந்த மரம்தான் காரணம். ஈரம் பட்டு ஊறி, காய்ந்து சுருங்கி, கீழ்ப்பக்கம் மக்கிப் போனால் இறுக்கம் போய்விடும், ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. வெளிச்சட்டம் உட்காரும் இடத்தில் தகடு வளைந்திருக்கிறதா, தகட்டில் அச்சு அழுத்திய பள்ளம் ஏதாவது சட்டத்துக்கு அடியில் ஓடுகிறதா என்றும் ஒரு நீளமான ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சமமில்லாத இடத்தில் தட்டையான சட்டத்தை இழுத்துப் பிடித்தால் ஏதாவது ஒரு மூலை எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கழற்றுவதற்கு முதலில் திறந்து மூடும் கதவை அதன் மேல் கீலிலிருந்து விடுவித்துப் போர்வை மேல் வையுங்கள். வெளியே ஒருவர் பிடித்திருக்க, உள்ளே இருப்பவர் ஸ்க்ரூக்களை எடுக்கட்டும். பழைய சீலண்ட் பிடித்திருந்தால் நெம்ப வேண்டாம், மீன்பிடி நூலைச் சட்டத்துக்குப் பின்னால் விட்டு ரம்பம் போல இழுத்தால் அறுபடும்.

திறப்பு கண்ணுக்குத் தெரிந்தவுடன் கீழ் விளிம்பைப் பாருங்கள். ஜிக்சா வைத்து அறுத்த தகட்டின் விளிம்புக்குப் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்தால் அங்கே பழுப்பு நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும். அதன் மேல் எந்த சீலண்ட் வைத்தாலும் சீலண்ட் துருவைப் பிடிக்கும், துரு தகட்டை விட்டுக் கழன்று வரும். நல்ல தகடு தெரிகிற வரை தேய்த்து, துருவை மாற்றும் திரவம் (ரஸ்ட் கன்வர்ட்டர்) தடவி, ப்ரைமர், பெயிண்ட். காய ஒரு நாளாவது விடுங்கள், ஜன்னல் இடத்தில் தார்பாலின் ஒட்டிக்கொள்ளலாம். மக்கிய மரத்தை அரைகுறையாக ஒட்டாமல் முழுதாக மாற்றுங்கள், புது மரத்தின் எல்லாப் பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்து விடுங்கள்.

சீலண்டுக்கு என் தேர்வு பியூட்டைல், ரப்பர் வகை. டேப்பாகவும் கிடைக்கும், குழாயில் பிதுக்குவதாகவும் கிடைக்கும். அது முழுதாக இறுகாது, மெழுகு மாதிரி எப்போதும் இளக்கமாக இருக்கும், வேன் குலுங்கினாலும் கூடவே வளையும், பத்து வருடம் கழித்து மறுபடி எடுக்க வேண்டுமென்றாலும் எடுக்கலாம். பாலியூரிதேன் வகை பசை என்னுடையது மாதிரி ஒட்டுக் கண்ணாடிக்கு. அதை உங்களுடையது மாதிரி அக்ரிலிக் (பிளாஸ்டிக்) ஜன்னலில் கொண்டுபோய் வைக்காதீர்கள், அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விழக்கூடும். அதே காரணத்துக்காகத் தகட்டைத் துடைக்கிற ஆல்கஹால், தின்னர் எதுவும் பிளாஸ்டிக் கதவில் படாமல் பாருங்கள். அதற்கு வெறும் சோப்புத் தண்ணீர் போதும். இது தெரியாமல் ஒரு நண்பர் தின்னர் துணியால் ஜன்னலைத் துடைத்துவிட்டு, மறுநாள் சிலந்திவலை பிடித்த மாதிரி ஒரு ஜன்னலை எனக்குக் காட்டினார்.

டேப்பை வெளிச்சட்டத்தின் பின்பக்கம் சுற்றிலும் ஒரே நீளமாக ஒட்டுங்கள், இழுத்து ஒட்டாதீர்கள். வளைவுகளில் மெலிந்துபோகும். இரு முனையும் சேரும் இடம் கீழ் விளிம்பின் நடுவில் வரட்டும், முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு சட்டத்தை வைத்து, உள்ளே ஸ்க்ரூக்களை எதிரெதிராக, ஒரு சுற்று இங்கே ஒரு சுற்று அங்கே என்று கையால் முறுக்குங்கள். டிரில் மெஷினுக்கு இங்கே வேலை இல்லை, பிளாஸ்டிக் உள்சட்டம் உடைந்தால் தனியாக வாங்குவது பெரும்பாடு. சுற்றிலும் பியூட்டைல் சமமாக ஒரு கோடு மாதிரிப் பிதுங்கி வந்தால் அன்றைக்குப் போதும். மறுநாள் போய்ப் பார்த்தால் ஸ்க்ரூக்கள் தளர்ந்த மாதிரி இருக்கும். தளரவில்லை, பியூட்டைல் மெதுவாக ஒதுங்கி இடம் விட்டிருக்கிறது. அரைச் சுற்று, முக்கால் சுற்று முறுக்குங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பிதுங்கினதைப் பிளாஸ்டிக் கத்தியால் சீவி எடுங்கள். குளிரில் பியூட்டைல் கல்லு மாதிரி இருக்கும், 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் டேப்பை வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு எடுத்து வாருங்கள்.

பலகையை உடனே திருப்பி மாட்டாதீர்கள். உள்ளே இன்சுலேஷன் கம்பளி வகையாக இருந்து ஊறியிருந்தால் அதை எடுத்து வெளியே போடுங்கள், அந்த இடத்தில் அது காயவே காயாது. ஒரு டீஹியூமிடிஃபையரை (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) வேனுக்குள் நாலைந்து நாள் ஓடவிட்டு, பிறகு முதலில் சொன்ன அதே ஹோஸ் சோதனையை மறுபடி செய்யுங்கள், இந்த முறை கூரையையும் சேர்த்து. இரண்டு ஓட்டை இருக்கிற வேன்களும் உண்டு, ஒன்றை அடைத்த சந்தோஷத்தில் பலகையை மூடிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

சோதனை செய்துவிட்டு பவுடரில் விழுந்த கோட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மெத்தையை ஜன்னல் பக்கத்திலிருந்து தள்ளி நிமிர்த்தி வையுங்கள்.